சிறையும் நோயும்: பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆரோக்கியம்



இந்த மருத்துவப் பக்கத்தில் வழக்கமாக நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று எங்கள் வீடுகளில் தினமும் பேசப்படும் நோய்களைப் பற்றித்தான் எழுதுவது வழக்கம். இம்முறை எடுத்துக்கொண்ட விடயம் சற்று வேறுபட்டது. சிறைவாசம் மனிதரின் உடலையும் மனதையும் என்ன செய்கிறது என்பதையும், சமூகவியல் ஆய்வாளர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் இங்கே பார்ப்போம்.

"இது எங்களுக்கு எதற்கு? எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள், நாங்கள் வேலைக்குப் போகிறோம்" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் கிரவீனில் இருந்து வில்லவூட் தடுப்பு முகாம் காரில் ஏறத்தாழ இருபது நிமிடத் தூரம். பார்க்லி, சில்வர்வோட்டர் சிறைச்சாலைகளும் அதிக தொலைவில் இல்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் அந்த முகாமுக்குள் இருந்த எம்மவர் பலர் இன்று எங்கள் அயலில், எங்கள் கோயிலில், எங்கள் கடைகளில் எங்களுடன் நிற்கிறார்கள். அவர்களுடைய நித்திரையின்மைக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் காரணம் தேடினால், அது பூட்டிய ஒரு கதவில் போய் முடிவது உண்டு. ஆகவே இது எங்கள் விடயமும்தான்.

நோய் உடம்பில் மட்டும் தொடங்குவதில்லை

ஒருவருக்கு நோய் வந்தால் அவர் என்ன சாப்பிட்டார், உடற்பயிற்சி செய்தாரா, பரம்பரையில் யாருக்கும் இருந்ததா என்று கேட்கிறோம். சமூகவியலாளர்கள் இன்னொரு கேள்வியையும் கேட்கிறார்கள். அவர் சமூகத்தின் எந்தப் படியில் நிற்கிறார்?

சிட்னியில் வளர்ந்து சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த மைக்கல் மார்மட் என்ற பேராசிரியர் இதில் உலகப் புகழ் பெற்றவர். பிரித்தானிய அரசாங்க ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வைற்ஹோல் ஆய்விலும், அதன் பின் 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்விலும் கிடைத்த விபரங்களை அவர் ஆராய்ந்தார். அந்த ஊழியர்கள் எல்லோருக்கும் நிரந்தர வேலை இருந்தது, ஒரே இலவச வைத்திய சேவையும் இருந்தது. அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு வீதம் உச்சநிலை அதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைத்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பின்பும் அந்த வித்தியாசம் முற்றாக மறையவில்லை. தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு குறையக் குறைய நோய் கூடுகிறது என்பதே மார்மட் கண்ட முக்கியமான பாடம்.

அந்தப் படிக்கட்டின் அடிக்கும் கீழே ஒருவரைக் கொண்டுபோய் விடும் இடம் சிறைச்சாலை. எப்போது எழும்புவது, எப்போது சாப்பிடுவது, எப்போது வெளிச்சத்தை அணைப்பது என்பது எதுவுமே அங்கே அவர் கையில் இல்லை.

உள்ளே போகிறவர்கள் யார்?

அவுஸ்திரேலியாவில் இன்று 40,000க்கும் மேற்பட்டோர் சிறையில் இருக்கிறார்கள். இவர்களில் ஐந்து பேருக்கு இரண்டு பேர் அளவில் தீர்ப்புக்கோ தண்டனைக்கோ இன்னமும் காத்திருப்பவர்கள். சிறைக்குள் புதிதாக வருவோரின் சுகநிலையை அவுஸ்திரேலிய சுகாதார, நலன்புரி நிறுவனம் 2009 முதல் காலத்துக்குக் காலம் ஆராய்ந்து வெளியிடுகிறது. 2018 அறிக்கையின்படி ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பத்தாம் வகுப்பையே எட்டாதவர். சிறைக்கு வருவதற்கு முந்திய மாதத்தில் தங்க நிலையான வீடு இல்லாதவரும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். 2022 அறிக்கையில், தமக்கு மனநோய் இருப்பதாக வைத்தியர் ஒருவர் எப்போதாவது சொல்லியிருக்கிறார் என்று அரைவாசிப் பேர் தெரிவித்தார்கள். பத்தில் ஏழு பேர் புகைப்பவர்கள். வெளியே அந்தத் தொகை பத்தில் ஒருவருக்கும் குறைவு.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சிறைச்சாலை நோயாளிகளை உருவாக்குவதற்கு முன்பே, நோயாளிகளைத்தான் பெரும்பாலும் உள்ளே எடுக்கிறது. வெளியே வைத்தியம் கிடைக்காமல் போனவரும், வீடு கிடைக்காமல் போனவரும், பாடசாலையில் இருந்து விலகிப்போனவரும் கடைசியில் அங்கே வந்து சேருகிறார்கள்.

மேற்கு அவுஸ்திரேலியாவில் பாங்ஸியா ஹில் இளையோர் தடுப்பு நிலையத்தில் தண்டனை பெற்ற 99 இளையோரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. அவர்களில் 89 வீதமானோருக்கு மூளை வளர்ச்சி தொடர்பான கடுமையான குறைபாடு ஒன்றாவது இருந்தது. 36 வீதமானோருக்கு, தாயின் கர்ப்பகால மதுப் பாவனையால் குழந்தைக்கு ஏற்படும் பாதிப்பு இருந்தது. இவர்களில் அநேகமானோருக்கு அதற்கு முன்னர் யாரும் அந்த நோயை இனங்காணவில்லை. சொன்னதைக் கேளாத பிள்ளை, அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்கியவர்களில் பலர் உண்மையில் சொன்னதை விளங்கிக்கொள்ள முடியாத பிள்ளைகள். பாடசாலையில் பிடிபட வேண்டிய குறைபாடு நீதிமன்றத்தில் குற்றமாகப் பிடிபட்டது.

இந்த மண்ணின் மக்களிடம் ஒரு பாடம்

அவுஸ்திரேலியாவில் சிறையையும் ஆரோக்கியத்தையும் பற்றிப் பேசும்போது பூர்வீகக் குடிமக்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நாட்டின் சனத்தொகையில் அவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். சிறையிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

காவலில் நிகழ்ந்த பூர்வீகக் குடிமக்களின் மரணங்களை விசாரிக்க 1987இல் அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1980 முதல் 1989 வரை நிகழ்ந்த 99 மரணங்களை அது ஆராய்ந்து, 1991இல் 339 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. அந்த 99 பேரில் 37 பேர் நோயினால் இறந்தவர்கள். 30 பேர் தூக்கில் தொங்கி இறந்தவர்கள். 43 பேர் சிறுவயதில் அரசாங்கத்தால் தாய் தந்தையரிடமிருந்து பிரிக்கப்பட்டவர்கள்.

ஆணைக்குழுவின் முடிவு பலருக்கு வியப்பாக இருந்தது. காவலுக்குள் வந்த பின்னர், மற்றவர்களைவிடக் கூடிய வீதத்தில் பூர்வீகக் குடிமக்கள் இறக்கவில்லை. அவர்கள் மிகப் பெரிய எண்ணிக்கையில் காவலுக்குள் கொண்டுவரப்படுவதுதான் இத்தனை மரணங்களுக்குக் காரணம் என்று ஆணைக்குழு சொன்னது. அதாவது, சிறைக்குள் நல்ல வைத்தியரை வைத்தால் மட்டும் போதாது. இவ்வளவு பேர் ஏன் உள்ளே வருகிறார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு இன்னமும் சரியான பதில் கிடைக்கவில்லை. 1991க்குப் பின் காவலில் இறந்த பூர்வீகக் குடிமக்களின் தொகை 500ஐத் தாண்டிவிட்டது.

சிறை உடம்பை என்ன செய்கிறது?

அமெரிக்க சமூகவியலாளர் கிறெஷம் சைக்ஸ் 1958இல் சிறைவாழ்க்கை பற்றிய தமது நூலில், சிறையின் வலிகள் ஐந்து என்று எழுதினார். சுதந்திரம், பொருட்களும் சேவைகளும், துணையோடு வாழும் வாழ்வு, சொந்தமாகத் தீர்மானிக்கும் உரிமை, பாதுகாப்பு ஆகிய ஐந்தையும் இழப்பதே அந்த வலிகள். 1961இல் ஏர்விங் கொவ்மன் என்ற இன்னொரு சமூகவியலாளர் சிறை, மனநோய் மருத்துவமனை, இராணுவ முகாம் போன்றவற்றை ஒரே வகையாகப் பார்த்தார். நித்திரை, வேலை, சாப்பாடு எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கும் இடங்கள் அவை. உள்ளே போகும் மனிதரின் உடுப்பு, பெயர், பழக்கங்கள் எல்லாம் வாசலில் கழற்றப்படுகின்றன. நாள் செல்லச் செல்ல, தானாக எதையும் செய்யும் பழக்கமே அவரிடம் மங்கிவிடுகிறது.

இதை ஒரு நீரிழிவு நோயாளியை வைத்துப் பார்ப்போம். வீட்டில் அவர் தானே விரலில் குத்தி இரத்தத்தைச் சோதிப்பார், குளிசையை நேரத்துக்கு எடுப்பார், சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுவார், பின்னேரம் நடக்கப் போவார். சிறையில் சாப்பாடு கொடுக்கப்படும் நேரத்துக்குக் கொடுக்கப்படும். மருந்து தாதி வரும் நேரத்துக்கு வரும். ஊசி அவரிடம் இருக்காது. ஆட்கள் போதாமல் அறைகள் முழு நாளும் பூட்டப்பட்டால் நடை இல்லை. வெளி வைத்தியசாலைக்குப் போக வேண்டுமென்றால் காவலர்கள் வேண்டும், வாகனம் வேண்டும். நோயை நன்றாகக் கட்டுப்படுத்தத் தெரிந்த மனிதர்கூட அங்கே பார்வையாளராகிவிடுகிறார். தென்னாசியர்களான எங்களுக்கு உடல் எடை அதிகம் கூடாமலேயே நீரிழிவு வரக்கூடியது என்பதால், இது எங்களுக்கு இன்னும் கவலை தரும் விடயம்.

தொற்றுநோய்களும் அப்படித்தான். ஹெபற்றைற்றிஸ் சி என்ற ஈரல் நோய் வெளியில் இருப்பதைவிடச் சிறைகளில் பல மடங்கு அதிகம். ஊசியைப் பகிர்ந்து போதைப்பொருள் ஏற்றுவதே முக்கிய காரணம். வெளியே மருந்துக்கடையில் புதிய ஊசி கிடைக்கிறது. அவுஸ்திரேலியச் சிறை எதிலும் அந்த வசதி இல்லை.

நாள்பட்ட மன அழுத்தமும் உடம்பைக் கெடுக்கிறது. எப்போதும் எச்சரிக்கையாக இருக்கும் உடம்பில் இரத்த அழுத்தம் ஏறும், நித்திரை கெடும், சீனி கூடும். இதனால்தான் ஆய்வாளர்கள் கைதிகளிடையே 50 வயதையே முதுமையின் தொடக்கமாகக் கணக்கிடுகிறார்கள். பூர்வீகக் குடிமக்களாக இருந்தால் அது 45 வயது.

மெடிகெயார் அட்டை உள்ளே செல்லாது

பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று உண்டு. சிறைக்குள் இருப்பவருக்குப் பொதுவாக மெடிகெயார் கொடுப்பனவு கிடையாது. 1973ஆம் ஆண்டுச் சுகாதாரக் காப்புறுதிச் சட்டப்படி, வேறொரு அரசாங்கம் பணம் கொடுத்து நடத்தும் சேவைக்கு மெடிகெயார் இரண்டாம் முறை பணம் கொடுக்காது. சிறை வைத்தியம் மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதை நடத்துவது மாநில சுகாதாரத் துறையின் கீழ் உள்ள, ஜஸ்ரிஸ் ஹெல்த் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு. சிறை அதிகாரிகளிடமிருந்து வைத்தியம் பிரிந்து நிற்பது நல்ல ஏற்பாடு. ஆனால் குடும்ப வைத்தியர், மனநல ஆலோசகர், நிபுணர் என்று வெளியே ஒருவர் கட்டியெழுப்பிய தொடர்பு முழுவதும் வாசலோடு அறுந்துவிடுகிறது.

சிலருக்குச் சிறையில் உடம்பு தேறுவது ஏன்?

இங்கே ஒரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். சிறையில் இருந்து வெளியேறுவோரில் கணிசமானோர், உள்ளே இருந்தபோது தமது சுகநிலை முன்னேறியதாகச் சொல்கிறார்கள். ஒழுங்கான சாப்பாடு, பல் வைத்தியர், மது இல்லாத நாட்கள் ஆகியவை அவர்களில் சிலருக்கு முதற்தடவையாகக் கிடைத்தது சிறையில்தான். நியூ சவுத் வேல்ஸ் சிறைகளில் 2015 ஓகஸ்ட் முதல் புகைத்தலுக்கும் தடை.

நல்ல உதாரணம் ஒன்று எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. ஹெபற்றைற்றிஸ் சி நோயைக் குணமாக்கும் புதிய குளிசைகள் 2016 மார்ச்சில் அரசாங்க மானியத்தோடு வந்தபோது கைதிகளுக்கும் கிடைத்தன. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கேர்பி நிறுவனம் இம்மாநிலத்தின் நான்கு சிறைகளில் சிகிச்சையைப் பரவலாகக் கொடுத்து ஆராய்ந்தது. ஒருவர் ஒரு வருடம் உள்ளே இருப்பதை ஓர் அலகாக எடுத்தால், அப்படியான நூறு அலகுகளுக்கு 8.31 ஆக இருந்த புதிய தொற்று 4.35 ஆகக் குறைந்தது. ஏறத்தாழ அரைவாசி! வைத்தியம் கொடுத்தால் சிறைக்குள்ளும் நோயைக் குறைக்கலாம், அந்த நன்மை வெளியே உள்ள குடும்பத்துக்கும் வந்து சேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதேவேளை, ஒரு மனிதர் சிறைக்குப் போன பிறகுதான் அவருக்கு வைத்தியம் கிடைக்கிறது என்றால், அது சிறையின் பெருமையல்ல, வெளிச் சமூகத்தின் குறை என்றே சமூகவியலாளர்கள் சொல்கிறார்கள்.

மிக ஆபத்தான இரண்டு வாரங்கள்

விடுதலையான நாளோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். உண்மை வேறு. அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலத்தில் விடுதலையான 30,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007இல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து, அதே மாநிலத்தின் ஏனைய மக்களைவிட 12.7 மடங்காக இருந்தது. முதற் காரணம் அளவுக்கு மீறிய போதைப்பொருள். உள்ளே இருந்தபோது உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. மாரடைப்பு, கொலை, தற்கொலை ஆகியவையும் காரணங்கள்.

போதைப்பொருள் பழக்கமே இல்லாதவருக்கும் இந்த நாட்கள் கடினமானவை. கையில் மருந்து சில நாட்களுக்கே இருக்கும். குடும்ப வைத்தியரிடம் போக வெட்கம். வேலை இல்லை. வீடு வாடகைக்கு எடுக்கப் போனால் பழைய விபரம் கேட்பார்கள். தண்டனை முடிந்த பின்பும் தண்டனையின் விளைவு முடிவதில்லை.

எம்மவர் கண்ட சிறை

எங்கள் சமூகத்துக்குச் சிறை புதிதல்ல. 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை மறந்தவர் யார்? 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் பலர். அந்த நினைவுகளைச் சுமந்துகொண்டு இங்கே வந்தவர்களை எதிர்கொண்டது இன்னொரு பூட்டிய கதவு. விசா இன்றி வருவோரைக் கட்டாயமாகத் தடுத்து வைக்கும் சட்டம் அவுஸ்திரேலியாவில் 1992இல் வந்தது.

தடுப்பு முகாம் சட்டப்படி தண்டனைக்குரிய இடம் அல்ல. உள்ளே இருப்பவர் குற்றவாளி அல்ல. ஆனால் உடம்புக்கும் மனதுக்கும் அந்த வேறுபாடு தெரிவதில்லை. சொல்லப்போனால் ஒரு விதத்தில் அது சிறையைவிடக் கடினம். சிறைக் கைதிக்கு விடுதலைத் திகதி பெரும்பாலும் தெரியும். முகாமில் இருப்பவருக்குத் தெரியாது.

இந்த விடயத்தில் அவுஸ்திரேலியாவின் முன்னோடி ஆய்வுகள் சில தமிழர்களை வைத்தே செய்யப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் டெரிக் சிலோவ், சக்கரி ஸ்ரீல் ஆகியோரும் பற்றிக் மெக்கோரியும் சேர்ந்து, அகதி அந்தஸ்துக் கோரியோர், அகதிகளாக ஏற்கப்பட்டோர், சாதாரண குடிவரவாளர் என மூன்று வகையைச் சேர்ந்த 196 தமிழர்களை 1990களில் ஆராய்ந்தார்கள். போர் அனுபவம் மன உளைச்சலுக்குக் காரணமாக இருந்தது எதிர்பார்த்ததே. ஆனால் இங்கே வந்த பின் ஏற்பட்ட நெருக்கடிகளும், அதாவது திருப்பி அனுப்பப்படுவோமோ என்ற பயம், வைத்தியமும் உதவியும் கிடைக்காமை போன்றவையும், தனியாகவே பெரும் பங்கு வகித்தன. அதே காலத்தில் மெல்பேர்ணில் மரிபிர்நொங் தடுப்பு முகாமில் இருந்த 25 தமிழர்களிடம் செய்த ஆய்வில், வெளியே வாழ்ந்த தமிழ் அகதிகளைவிட அவர்களுக்கு மனச்சோர்வும் போர் அதிர்ச்சியின் அறிகுறிகளும் கூடுதலாகக் காணப்பட்டன. அந்த முகாம் 2018இல் மூடப்பட்டுவிட்டது.

பின்னர் 2006இல் சிட்னியில் வாழும் மண்டேயன் அகதிகள் 241 பேரை ஆராய்ந்தபோது, ஆறு மாதத்துக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டோரிடம் பாதிப்பு கடுமையாக இருந்தது. வெளியே வந்து மூன்று ஆண்டுகள் சென்றும் அது நீங்கியிருக்கவில்லை. 2010இல் அவ்வாண்டின் சிறந்த அவுஸ்திரேலியராகத் தெரிவான பேராசிரியர் மெக்கோரி, தடுப்பு முகாம்கள் மனநோயை உற்பத்தி செய்யும் தொழிற்சாலைகள் என்று பகிரங்கமாகச் சொன்னதற்குப் பின்னால் இப்படியான ஆய்வுகள் இருந்தன.

பாதுகாப்பு மதிப்பீட்டில் தவறிய அகதிகள் 46 பேர், காரணமும் சொல்லப்படாமல் காலவரையின்றித் தடுக்கப்பட்டிருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஈழத்தமிழர். அந்தத் தடுப்பு அவர்களுக்குக் கடுமையான உளப் பாதிப்பை ஏற்படுத்தியது என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2013இல் முடிவு செய்தது. பிலோயிலாத் தமிழ்க் குடும்பத்தின் கதை எல்லோரும் அறிந்ததே. 2018 மார்ச்சில் விடிகாலையில் அழைத்துச் செல்லப்பட்ட அந்தக் குடும்பம் மெல்பேர்ண், கிறிஸ்மஸ் தீவு என்று அலைந்தது. 2021 யூனில் இளைய மகள் நிமோனியாவும் இரத்தத்தில் கிருமித் தொற்றும் ஏற்பட்டு பேர்த் வைத்தியசாலைக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டபோது நாடே பார்த்தது. 2022இல் அவர்கள் ஊர் திரும்பி நிரந்தர விசாவும் பெற்றார்கள். 2023 நவம்பர் 8ஆம் திகதி, திருப்பி அனுப்பும் சாத்தியம் இல்லாத ஒருவரைக் காலவரையின்றித் தடுத்து வைப்பது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கதவு திறந்தாலும் எல்லோருக்கும் முழுமையாகத் திறக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இணைப்பு விசாவில் இருக்கும் எம்மவர் இன்னமும் இருக்கிறார்கள். சிலருக்கு மெடிகெயார் உண்டு, சிலருக்கு இல்லை. இவர்களுக்கு முழு நாடுமே ஒரு காத்திருப்பு அறைதான்.

குற்றம் செய்தவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

இது நியாயமான கேள்வி. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வலியை யாரும் சிறிதாக்கக் கூடாது. ஆனால் நீதிமன்றம் விதிக்கும் தண்டனை சுதந்திரத்தை இழப்பது. ஈரலை இழப்பதோ, கண் பார்வையை இழப்பதோ, புத்தி பேதலிப்பதோ தண்டனையில் எழுதப்படவில்லை. மண்டேலா விதிகள் எனப்படும், ஐக்கிய நாடுகள் 2015இல் ஏற்றுக்கொண்ட விதிகள், வெளியே உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரமான வைத்தியம் கைதிக்கும் கிடைக்க வேண்டும் என்கின்றன. தவிர, உள்ளே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒரு நாள் வெளியே வருவார்கள். நோயோடு வருவதா, சுகத்தோடு வருவதா என்பது அயலவர்களான எங்களையும் பாதிக்கும்.

குடும்பமும் தண்டனை அனுபவிக்கிறது

எங்கள் சமூகத்தில் ஒருவர் பொலிஸ் காவலுக்கோ சிறைக்கோ போனால், அவருடைய மனைவி பிள்ளைகள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். "ஊரில் நிற்கிறார்", "வேறு மாநிலத்தில் வேலை" என்று பிள்ளைகளுக்கே சொல்லப்படும். தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறும், வைத்தியரிடம் காரணம் சொல்ல மாட்டார். பிள்ளை பாடசாலையில் பின்தங்கும், ஆசிரியருக்குக் காரணம் தெரியாது. வெட்கம் என்பது எங்களிடையே ஒரு நோய்க் காரணி. அதை எந்த இரத்தப் பரிசோதனையும் காட்டாது. "சனம் என்ன சொல்லும்" என்ற பயத்தைச் சனமாகிய நாங்கள்தான் குறைக்க முடியும்.

நாங்கள் செய்யக்கூடியவை

1. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் எடுக்கும் மருந்துகளின் பெயர், அளவு, குடும்ப வைத்தியரின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். இது எந்த அவசரத்துக்கும் உதவும்.

2. உறவினர் ஒருவர் பொலிஸ் காவலில் இருந்தால், இன்சுலின், ஆஸ்துமா, இருதய மருந்து, மன அழுத்த மருந்து பற்றி உடனே அங்குள்ள பொறுப்பதிகாரியிடம் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

3. சிறைக்குள் சேர்க்கப்படும்போது தாதி ஒருவர் சுகநிலையை விசாரிப்பார். தற்கொலை எண்ணம் உட்பட எதையும் மறைக்க வேண்டாம் என்று உறவினருக்குச் சொல்லுங்கள். குடும்ப வைத்தியரின் பதிவேடுகளைப் பெற அவர் சம்மதம் கொடுக்கலாம்.

4. விடுதலைக்கு முன்பே மருத்துவச் சுருக்கமும் மருந்தும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வெளியே வந்த முதல் வாரத்திலேயே குடும்ப வைத்தியரைப் பார்க்க நேரம் எடுத்துவிடுங்கள். அந்த முதல் இரண்டு வாரங்கள் அவரைத் தனியே விட வேண்டாம்.

5. சித்திரவதையாலும் போராலும் பாதிக்கப்பட்டோருக்காக 1988 முதல் இயங்கும் ஸ்ரார்ட்ஸ் நிலையம் கரமாரில் இருக்கிறது. சேவை இலவசம். முகாமில் இருந்து வந்தவர்களும் போகலாம்.

6. மெடிகெயார் இல்லாத அகதிக் கோரிக்கையாளருக்கு நியூ சவுத் வேல்ஸ் அரச வைத்தியசாலைகளில் கட்டண விலக்கு உண்டு. பில் வரும் என்ற பயத்தில் நெஞ்சுவலியோடு வீட்டில் இருக்க வேண்டாம்.

7. மொழிபெயர்ப்புச் சேவை: 131 450. மனம் உடைந்த நேரத்தில் லைவ்லைன்: 13 11 14, இருபத்து நான்கு மணி நேரமும். உயிருக்கு ஆபத்தென்றால் 000.

8. பிள்ளைகளுக்கு வயதுக்கு ஏற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள். பிறர் வாயால் கேட்பது அவர்களை இன்னும் காயப்படுத்தும்.

9. அயலில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் காரணம் விசாரிக்காமல் ஒரு நேரச் சாப்பாட்டோடு போய்க் கதவைத் தட்டுங்கள். பிள்ளைகளை வகுப்புக்கு ஏற்றி இறக்க உதவுங்கள். வில்லவூட்டில் யாரும் இல்லாதவரைப் பார்க்கப் போவதும் வைத்தியம்தான்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் செல்வம் எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படுவதில்லை என்பதைத்தான் இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. சட்டங்களை மாற்றுவது ஒரு நாளில் நடக்காது. ஆனால் கதவைத் தாண்டி வந்த ஒருவர் தயக்கமின்றித் தன் வைத்தியரிடம் போகவும், எங்கள் மண்டபத்தில் வந்து எல்லோரோடும் பந்தியில் இருக்கவும் வழிசெய்வது எங்கள் கையில் இருக்கிறது.